எண்ணெயில் ஊறிய தோலும் கடலில் இறங்கிய கேமராவும்

ஆம்பூரிலிருந்து கடல் ஏறக்குறைய 190 கி.மீ. தள்ளி இருக்கிறது. பாலாற்றில் தண்ணீர் ஓடினாலே ஊர் கூடி வேடிக்கை பார்க்கும் வட்டாரம் இது. கடலுக்கடியில் படமெடுக்கும் கேமராவைப் பற்றி இங்கே எதற்குப் பேச்சு என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கேமராவைக் காப்பாற்றும் வித்தை தோல் தொழில் நடக்கும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் பலருக்கு அறிமுகமானதுதான். அடிபம்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

பழைய அடிபம்பின் குழாய்க்குள் கிண்ணம்போல் வளைந்த தோல் வாஷர் ஒன்று இருக்கும். தடித்த மாட்டுத்தோல். மாட்டுவதற்கு முன் அதை எண்ணெயில் ஊறப்போடுவார்கள். கைப்பிடியை அழுத்தினால் வாஷர் மேலே ஏறும். அதன் மேல் நிற்கும் தண்ணீரின் எடை கிண்ணத்தின் விளிம்பை விரித்துக் குழாயின் சுவரோடு அழுத்தும். தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ, அடைப்பும் அவ்வளவு இறுகும். ஒழுகப் பார்க்கும் தண்ணீரைக் கொண்டே ஒழுகலை அடைப்பதுதான் தந்திரம். சைக்கிள் பம்பின் தோல் வாஷரும் காற்றை வைத்து இதையே செய்கிறது.

யோசனை பழையது. 1795இல் ஜோசப் பிராமா நீரழுத்த இயந்திரத்துக்கு லண்டனில் காப்புரிமை வாங்கினார். அதில் ஏறி இறங்கும் தண்டைச் சுற்றி அடைப்பை இறுக்கிக் கட்டினால் தண்டு நகராது, தளர்த்தினால் தண்ணீர் பீறிடும். அங்கே வளைத்த தோலை வைக்கலாம் என்று சொன்னவர் அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லி என்பார்கள்.

கேமராவின் கதை அதற்கு 61 ஆண்டுகள் கழித்து வருகிறது. 1856இல் இங்கிலாந்தின் வேமவுத் அருகே, வில்லியம் தாம்சன் என்பவர் கண்ணாடி முகப்பு வைத்த பெட்டிக்குள் கேமராவை அடைத்துக் கடலில் இறக்கினார். ஆழம் சுமார் 18 அடிதான். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆனாலும் தகட்டில் மங்கலாக ஒரு படம் விழுந்திருந்தது. கடலுக்கடியில் எடுத்த முதல் புகைப்படமாக அதைத்தான் சொல்கிறார்கள். ஒழுகல் இந்தக் கலையோடு கூடப்பிறந்தது.

இன்று ஸ்கூபா முக்குளிப்பவர் கையில் வைத்திருக்கும் 'ஹவுசிங்', அலுமினியத்தாலோ கெட்டி பிளாஸ்டிக்காலோ ஆன பெட்டி. கேமராவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக் கொக்கி போடுவார்கள். கதவின் ஓரத்தில் ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம். அதுதான் ஓ-ரிங். பல்லாயிரம் ரூபாய்க் கேமராவின் உயிர் இந்த வளையத்திடம் இருக்கிறது.

டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937இல் இதற்குக் காப்புரிமை கேட்டபோது அவருக்கு வயது 72. தோல் வாஷர் செய்த வேலையைத்தான் ஓ-ரிங்கும் செய்கிறது. பள்ளத்தில் லேசாக நசுங்கி உட்கார்ந்திருக்கும். வெளித் தண்ணீர் தள்ளத் தள்ள, பள்ளத்தின் எதிர்ப்பக்கம் நகர்ந்து இடுக்கை இன்னும் இறுக்கமாக அடைக்கும். தோலை இங்கே வைக்க முடியாது. காலுக்குக் காற்றோட்டமாக இருக்கும் என்று செருப்புக் கடைக்காரர் புகழ்வாரே, அந்தக் குணமே இங்கே குற்றம். அடிபம்பில் ஒரு கரண்டித் தண்ணீர் கசிந்தால் யாரும் கவலைப்படமாட்டார்கள். கேமராவுக்குள் ஒரு கரண்டி உப்புத்தண்ணீர் போனால் கதை முடிந்தது. அடிபம்பிலிருந்தும் தோல் மெல்ல விடைபெற்றது. 1980களில் கோவை வட்டாரத்தில் நடந்த சோதனைகளுக்குப் பிறகு நைட்ரைல் ரப்பர் அந்த இடத்துக்கு வந்தது.

இனி ஒரு சின்னக் கணக்கு. கடலில் 10 மீட்டர் இறங்கினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடும். ஹவுசிங்கின் கதவு 15 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 180 சதுர செ.மீ. 30 மீட்டர் ஆழத்தில் அந்தக் கதவின் மேல் 540 கிலோ அழுத்தும். நன்றாக வளர்ந்த எருமைக்கடா ஒன்று கதவில் சாய்ந்து நிற்பதுபோல. திறக்கவே முடியாது. அதே கதவை 30 சென்டிமீட்டர் ஆழத்தில் அழுத்துவது வெறும் ஐந்தரைக் கிலோ.

ஆகவே பயம் ஆழத்தில் மட்டும் இல்லை. வளையம் இன்னும் இறுகாத முதல் ஒரு மீட்டரிலும், படகில் கேமராவைக் கழுவ வைத்திருக்கும் நல்ல தண்ணீர் வாளியிலும்கூட ஹவுசிங்குகள் ஒழுகுகின்றன. வளையத்தின் மேல் ஒரு தலைமுடியோ மணல் துகளோ கிடந்தால் போதும்.

மன்னார் வளைகுடாவில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் பெரும்பாலும் ஐந்து மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் இருக்கின்றன. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் முக்குளித்துக் கண்காணிக்கும் பாறைகள் இவை. 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. எது வெளுத்தது, எது தேறியது என்பதற்குப் படமே சாட்சி. அந்தப் படத்தை எடுக்கவேண்டிய ஆழமோ, ஹவுசிங் அரைகுறையாக இறுகியிருக்கும் ஆழம்.

இதற்கு ஒரு மாற்று வந்திருக்கிறது. கரையிலேயே சின்னப் பம்பால் ஹவுசிங்குக்குள் இருக்கும் காற்றில் ஒரு பங்கை உறிஞ்சிவிடுவது. ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே, நம் கதவை வெளிக்காற்று 36 கிலோவில் அழுத்தும். உள்ளே ஒரு சின்ன விளக்கு. காற்று திரும்பக் கசிந்தால் நிறம் மாறும். அந்த வசதி இல்லாதவர்கள் முதல் முறை கேமரா வைக்காமல் வெறும் பெட்டியை, உள்ளே ஒரு டிஷ்யூ காகிதத்தோடு இறக்கிப் பார்ப்பார்கள். மேலே வரும்போது காகிதம் உலர்ந்திருக்க வேண்டும்.

வளையத்துக்குப் பூசும் கிரீஸ் விஷயத்தில் பழைய பழக்கம் காலை வாரும். தோல் வாஷர் எவ்வளவு எண்ணெய் குடித்தாலும் நல்லது. ஓ-ரிங்குக்கு, விரலில் பளபளப்புத் தெரியுமளவு போதும். கிரீஸ் தண்ணீரைத் தடுப்பதில்லை. வளையம் பள்ளத்துக்குள் வழுக்கி நகர உதவுகிறது, அவ்வளவுதான். அப்பிவைத்தால் மணலைப் பிடித்துவைக்கும். வளையம் நகர்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1986 ஜனவரி 28 சாட்சி. சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட்டில் இருந்த ஓ-ரிங்குகள் குளிரில் விறைத்து நெகிழ்வை இழந்தன. கலம் வானில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் ஒரு வளையத் துண்டை ஐஸ் தண்ணீரில் நனைத்து எல்லோர் முன்னாலும் அதைக் காட்டினார்.

இன்னொரு எதிரி ஹவுசிங்குக்கு உள்ளேயே இருக்கிறது. மண்டபம் கடற்கரையின் புழுக்கத்தில் கதவைச் சாத்தினால், ஈரக்காற்றும் கேமராவோடு அடைபடும். தண்ணீரில் இறங்கியதும் கண்ணாடி குளிரும், கேமரா சூடாகும், உட்புறம் பனிபடியும். படமெல்லாம் புகைமூட்டம். ஏ.சி. அறையின் உலர்ந்த காற்றில் சாத்துவது ஒரு வழி. சிலிக்கா ஜெல் பொட்டலம் இன்னொரு வழி. ஆம்பூரில் செய்த புதுச் செருப்போ ஷூவோ வாங்கினால் பெட்டிக்குள் கிடக்குமே, தின்னாதே என்று எழுதியிருக்கும் அந்தப் பொட்டலம்தான். பல நாள் திறந்து கிடந்தது என்றால் ஏற்கெனவே ஈரம் குடித்து வயிறு நிறைந்திருக்கும், உதவாது. புதிதாக இருந்தால் கேமராவுக்கு அடியில் செருகலாம். அதன் காகித மூலை கதவுக்கும் வளையத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளவில்லையே என்று ஒருமுறை குனிந்து பார்க்கவேண்டும். ஹவுசிங்குகளுக்குள் தண்ணீர் புகுவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணங்களில் அந்த மூலையும் ஒன்று.