கூரைநீரும் கழுவுநீரும்

பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகள் பல மேட்டில் நிற்பன. ஊற்றுக்களோ பள்ளத்தில் ஊறுவன. நீரிறைக்கும் பொறியின்றிக் குழாய்நீர் மேலேறுவதில்லை. ஆதலின் அத்தகைய கட்டடத்துக்குத் தன் தலைக்குமேல் வாய்த்த நீர்நிலை அதன் தகரக் கூரை ஒன்றே.

இவ்வுண்மையை உணர்ந்தே, உலக வங்கியின் உதவி பெற்ற சமூக நீர்வழங்கல் சுகாதாரத் திட்டம் 1995ஆம் ஆண்டில் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் மழைநீர்த் தாங்கிகளைப் புகுத்தியது. நிலத்தடியில் செங்கல்லால் அமைந்தது ஒருவகை. நிலத்தின்மேல் கம்பிவலையும் சீமெந்துச் சாந்தும் கொண்டு வனைந்தது மற்றொருவகை. இரண்டும் 5,000 லீற்றர் கொள்வன. ஐவர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு 100 லீற்றர் செலவிடின் அது ஐம்பது நாளைக்குப் போதும்.

ஆயின், வீட்டுக்கு ஏற்ற அளவு பாடசாலைக்கு ஏலாது. மாணவர் 300 பேர், தலைக்கு 5 லீற்றர் எனக் கொள்வோம். அதே தாங்கி நான்காம் நாளே வற்றிவிடும். கூரை சிறிதென்பது இதற்குக் காரணமன்று. 200 சதுரமீற்றர்க் கூரையில் ஆண்டுக்கு 1,800 மில்லிமீற்றர் மழை பெய்து, அதில் ஐந்திலொரு பங்கு வீணாயினும் 2,88,000 லீற்றர் கிட்டும். 200 பாடசாலை நாட்களின் தேவையோ 3,00,000 லீற்றர். ஏறத்தாழச் சமன். இடர்ப்பாடு காலத்தைப் பற்றியது. வடகீழ்ப் பருவக்காற்று வாரி வழங்க, தென்மேல் பருவக்காற்று மேற்கு மலைச்சரிவிலேயே மழையை இறக்கிவிட்டு, ஊவாவுக்கு வறண்ட காற்றாய் வருகின்றது. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களுக்கெல்லாம் நீர் சேமிக்கப் பெருந்தாங்கி வேண்டும். அதற்குப் பணம் எங்கே?

இங்குதான் கழுவுநீர் கைகொடுக்கும். கைகழுவிய நீரை மணலும் சரளையும் இட்ட தொட்டியில் வடித்து மலசலகூடத்துக்குப் பாய்ச்சினால், ஒரே நீர் இருமுறை பயன்படும். தாங்கியைப் பெருப்பிக்காமலே அதன் கொள்ளளவு கூடியதாகும். அந்நீரை ஒருநாளுக்குமேல் தேக்கலாகாது, நாறும். குடிநீர்க் குழாயோடு அதனைச் சேர்த்தலும் ஆகாது. கூரைநீரிலும் முதல் மழையின் தூசுநீரை விலக்கியே பீலியைத் தாங்கிக்குத் திருப்புதல் வேண்டும்.

2005இல் தேசிய மழைநீர்க் கொள்கை வகுக்கப்பட்டது. 2009இல் விதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. அவை முதன்மையாக நோக்குவது நகர்ப்புறத்தை. தோட்டத்துப் பாடசாலை பெரும்பாலும் அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

2003இல் தமிழ்நாடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, நீரை நிலத்தினுள் இறக்குவதே பெரும்பாலும் முறையாயிற்று. சமவெளிக்கு அது நன்று. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29இல் மண்சரிவு லயன் வீடுகளை மூடியதை அறிந்த நாம், சரிவு நிலத்தில் அதனைப் பின்பற்றலாகாது. தாங்கி நிரம்பி வழியும் நீரைக் கல்பாவிய கானொன்றின் வழியே ஓடைவரை கொண்டுசென்று விடுதல் வேண்டும்.