ஈறு காப்போம், பல் காப்போம்

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் நாட்டுப் பழமொழி. சொல் மட்டுமா போகிறது? நிலக்கடலை, சுண்டல், கீரைத்தண்டு, முருங்கைக்காய் ஆகியவை இலையைவிட்டு நீங்குகின்றன. கஞ்சியும் குழைந்த சோறுமே உணவாகின்றன. வலுவூட்டும் பண்டங்கள் குறையவே முதியவரின் உடலும் தளர்கிறது. இவற்றுக்கெல்லாம் முதுமையே காரணம் என்று நம் மக்கள் எண்ணியிருக்கின்றனர். இவ்வெண்ணம் தவறானது. தலை நரைப்பதைப் போல் பல் விழுவது முதுமையின் இயற்கையன்று. முதியோர் பல்லை இழப்பதற்குப் பெருங்காரணங்களுள் ஒன்று ஈற்று நோய். அந்நோயோ தடுக்கத் தக்கது.

நோய் தோன்றும் விதம்

ஆற்றங்கரையில் நிற்கும் மரத்தை நாம் பார்த்திருக்கிறோம். மரத்தில் பழுதில்லை, ஆயினும் வெள்ளம் கரையை அரித்துவிட, வேர் வெளிப்பட்டு மரம் சாய்கிறது. பல்லின் நிலையும் இதுவே. தாடை எலும்பில் ஊன்றி நிற்கும் பல்லை ஈறு சூழ்ந்து காக்கிறது. பல்லும் ஈறும் சேருமிடத்தில் கிருமிகள் நிறைந்த மெல்லிய படலம் ஓயாது படிகிறது. நாள்தோறும் அதை அகற்றாவிடின், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து சில நாட்களிலேயே கல்லைப்போல் இறுகிவிடும். இதனைக் காரை என்பர். இறுகிய காரையைப் பல் துலக்கிப் போக்க இயலாது.

முதலில் ஈறு சிவந்து வீங்குகிறது. துலக்கும்போது இரத்தம் கசிகிறது. இந்நிலையிலேயே வாயைத் தூய்மை செய்து வந்தால் சில வாரங்களில் ஈறு பழைய நலத்தை அடையும். கவனியாது விட்டால் ஈறு பல்லைவிட்டு விலகுகிறது, உள்ளிருக்கும் எலும்பு கரைகிறது, பல் ஆடுகிறது. கரைந்த எலும்பு தானே வளராது. மேலும் கரையாமல் தடுக்கவே இயலும். இந்நோய் பெரும்பாலும் வலியின்றியே முற்றுகிறது. ஆதலால் இரத்தக் கசிவையே எச்சரிக்கையாகக் கொள்ளல் வேண்டும்.

நீரிழிவும் புகையிலையும்

நீரிழிவு கட்டுக்கடங்காதவர்க்கு ஈற்று நோய் விரைந்து முற்றும். ஈற்று நோய் முற்றினால் இரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஒன்றுக்கு மற்றொன்று பகை. புகையிலையோ ஈற்றின் இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் கசிவை மறைத்துவிடுகிறது. இரத்தம் வரவில்லையே என்று புகைப்பவர் மகிழ்ந்திருக்க, உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். புகையிலையும் பாக்கும் வாய்ப் புற்றுக்கும் வழி வகுப்பவை என்பதை மறத்தலாகாது. இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் மாத்திரைகளுள் சில ஈற்றைத் தடிக்கச் செய்யும். அதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்துதல் கூடாது. மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

காலையிலும் இரவு படுக்குமுன்னும் மென்மையான தூரிகையால் இரண்டு நிமிடம் பல் துலக்குக. ஈற்றோரத்தில் சாய்த்து வைத்து மெல்லத் துலக்குதல் வேண்டும். ஈறு இறங்கியவரின் பல்வேர் எளிதில் சொத்தையாகுமாதலின் புளோரைடு கலந்த பற்பசை நன்று. செங்கற்பொடியும் மணலும் சாம்பலும் பல்லைத் தேய்த்து ஈற்றைப் புண்ணாக்குவன, அவற்றை விலக்குக. வேப்பங்குச்சியைப் பயன்படுத்துவோர் அதன் நுனியை நன்கு மென்று மிருதுவாக்கிக் கொள்ளல் வேண்டும். பல்லிடுக்கைக் குண்டூசியாலோ ஊக்காலோ குத்தலாகாது. அதற்கென உள்ள சிறு தூரிகையையோ நூலையோ கொள்க. இரத்தம் கசிகிறதென்று துலக்குவதை நிறுத்திவிட்டால் நோய் வளருமேயன்றிக் குறையாது. பல்செட்டு அணிவோர் இரவில் அதைக் கழற்றிக் கழுவி நீரில் இட்டு வைத்தல் நலம்.

வீண் அச்சங்கள்

காரையை அகற்றினால் பல் ஆடிவிடும் என்பர். உண்மையில் எலும்பு கரைந்தமையால் முன்பே தளர்ந்த பல்லைக் காரை மறைத்துக்கொண்டிருந்தது. அது நீங்கியதும் தளர்ச்சி வெளிப்படுகிறது, அவ்வளவே. மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பதும் ஆதாரமற்ற அச்சமே. இவ்வச்சங்களால் காலம் தாழ்த்தியே பலர் பல்லை இழக்கின்றனர்.

ஊராட்சியின் பங்கு

ஆண்டுக்கொரு முறையேனும் முதியோர் பல் மருத்துவரிடம் வாயைக் காட்டுதல் வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும், ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் பல் மருத்துவப் பிரிவுகள் உள்ளன. எந்நிலையத்தில், எந்நாளில் பல் மருத்துவர் இருப்பார் என்பதை விசாரித்து ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். வாரந்தோறும் ஒரு நாள் முதியோர் சிலரை ஒன்றாக அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யலாம். கிராம சபையில் இதுபற்றிப் பேசலாம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு ஏதுமில்லை.

கரை உடைந்தபின் மண் சுமப்பதைவிட, உடையுமுன் அணைப்பதே அறிவுடைமை என்பதை உழவர் பெருமக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வறிவை நம் வாய்க்கும் பயன்படுத்துவோமாக.