நிலவியல் படிப்பும் வேலைவாய்ப்பும் (திருவள்ளூர் மாவட்டம்)

நிலவியல் என்பது பாறை, கனிமம், மண், நிலத்தடி நீர், புதைபடிவம் ஆகியவற்றின் வழியே பூமியை ஆராயும் அறிவியல் ஆகும். இது பள்ளிகளில் கற்பிக்கப்படும் புவியியல் பாடத்திலிருந்து வேறுபட்டது. ஆயினும் தமிழக அரசின் புவியியல் மற்றும் சுரங்கத் துறை போன்ற பெயர்களில் புவியியல் என்ற சொல்லே நிலவியலையும் குறிக்கிறது. விண்ணப்பிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாவட்டத்தின் சிறப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தால் தொழிற்சாலைப் பகுதியாக அறியப்படும் திருவள்ளூர் மாவட்டம், நிலவியல் வரலாற்றிலும் இடம்பெற்றது. 1863இல் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங் ஆகியோர் கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டறிந்தனர். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இன்று இம்மாவட்டத்தில் நிலவியலாளரின் தேவை நிலத்தடி நீரில் உள்ளது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்களிலிருந்து சென்னைக்கு நீர் எடுக்கப்பட்டு வந்தது. மணல் அடுக்குகளில் உள்ள நன்னீரின் அழுத்தமே கடல்நீரைத் தடுத்து நிறுத்துகிறது. அளவுக்கு மீறி நீரை உறிஞ்சும்போது அழுத்தம் குறைந்து கடல்நீர் உட்புகுகிறது. மீஞ்சூர் பகுதியில் நடந்தது இதுவே.

போர்வெல் போடும் முன் நிலத்தின் மின்தடை அளக்கப்படுகிறது. உப்புநீர் உள்ள இடத்தில் மின்தடை குறையும். களிமண் உள்ள இடத்திலும் குறையும். இரண்டையும் பிரித்தறியாவிட்டால் விவசாயியின் பணம் வீணாகும். துளையிடும்போது வெளிவரும் மண்ணையும் நீரின் உப்பளவையும் ஒப்பிட்டு முடிவு செய்ய நிலவியல் அறிவு தேவை.

சமுதாயக் கல்லூரி

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டுகள் நிலவியல் படித்து, பின்னர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்ந்து பட்டம் பெற இயலும். இந்தியாவில் நிலைமை வேறு. 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகள், படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் ஏழை மாணவர்களுக்கும் வேலைத் திறன் அளிக்க ஏற்பட்டவை. இவற்றின் சான்றிதழும் டிப்ளமோவும் தொழிற்பயிற்சிக்கு உதவும். ஆனால் நிலவியலாளர் பணிக்கான தகுதி ஆகா.

பட்டப்படிப்பு

பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் படித்தவர்கள் பி.எஸ்சி. நிலவியலில் சேரலாம். சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றில் நிலவியல் துறை உள்ளது. கும்மிடிப்பூண்டி மாணவர்கள் புறநகர் ரயிலில் சென்னை சென்று படிக்க முடியும். முதுகலைப் படிப்பைச் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் தொடரலாம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ‘ஜாம்’ தேர்வு எழுத வேண்டும்.

வேலைவாய்ப்பு

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வின் மூலம் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்திலும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் பணி கிடைக்கிறது. இத்தேர்வின் நிலவியல் பணிகளுக்கு முதுகலைப் பட்டம் அவசியம். மாநில அரசின் உதவி நிலவியலாளர் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. ஓ.என்.ஜி.சி., என்.எல்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் நிலவியலாளர்களை நியமிக்கின்றன. தனியார் துறையில் நிலத்தடி நீர் ஆய்வு, கட்டடங்களுக்கான மண் பரிசோதனை, குவாரித் திட்டம் தயாரித்தல், சுற்றுச்சூழல் ஆய்வு ஆகிய வேலைகள் உள்ளன.

அரசுப் பணியிடங்கள் ஆண்டுதோறும் ஒரே எண்ணிக்கையில் வருவதில்லை. பி.எஸ்சி.யுடன் நிறுத்துவோருக்கு வாய்ப்புகள் குறைவு. எனவே, இத்துறையைத் தேர்வு செய்யும் மாணவரும் பெற்றோரும் இதை ஐந்தாண்டுப் படிப்பாகக் கருதித் திட்டமிடுவது நல்லது. உடனே வருமானம் தேவைப்படும் குடும்பங்களுக்கு ஐ.டி.ஐ. அல்லது சமுதாயக் கல்லூரிப் பயிற்சியே பொருத்தமானதாக இருக்கும்.