மார்பு நோய் தீர்ந்த மகளிர்க்கு எஞ்சும் ஓர் இடர்

அவையில் கூறத்தகாததைப் பிறிதொரு சொல்லால் மறைத்துக் கூறுதலை இடக்கரடக்கல் என்பர் நம் இலக்கண நூலார். அவைக்கு அஃது அழகே; மருத்துவர் முன்னும் அதனைக் கைக்கொள்ளுதலே கேடாய் முடிகின்றது. இவ்விதழில் இப்பொருளோ என்று முகஞ்சுளிப்பார் உளராயின், யாம் எழுதத் துணிந்த காரணத்தை மேலே காண்க.

1954-ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அடையாற்றில் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனை, திருமுடிவாக்கம் முதலிய நம் அண்டை ஊரார்க்கு எட்டாத் தொலைவினதன்று. மார்பகப் புற்றுநோய் தீர்ந்து இல்லம் மீளும் மகளிர் பலர்க்கு யோனி வறட்சி என்னும் இடர் எஞ்சுகின்றது. அவ்வுறுப்பின் தோலைத் தடிப்பும் ஈரமும் உடையதாகக் காப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். மார்புக் கட்டிகளுட் பல அதனையே உண்டு வளர்வன. ஆதலின் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளை ஐந்தாண்டும் அதற்கு மேலும் கொடுத்து அதனைக் குறைக்கின்றனர். கட்டிக்கு உணவு அற்றவழி, உறுப்புக்கும் ஈரம் அறுகின்றது. எரிவு, அரிப்பு, கணவனோடு கூடுங்கால் வலி ஆகியன தோன்றுகின்றன. இவற்றைப் பொறாது, எவர்க்கும் உரையாது, மாத்திரையையே நிறுத்திவிடுவாரும் உளர். நோய் மீள அதுவே வழி திறத்தல் கூடும். யாம் எழுதப் புகுந்தது இதன்பொருட்டே.

ஹார்மோன் சேராத மருந்துகளே முதற்கண் கொள்ளத்தக்கவை. அவற்றுள் இருவகை உள, மயங்கலாகாது. ஒன்று, ஈரங்காக்கும் ஜெல். ஹயலூரானிக் அமிலமேனும் பாலிகார்போபில்லேனும் சேர்ந்த இதனைக் கூட்டம் உண்டோ இல்லையோ, வாரத்தில் மூன்று முதல் ஐந்து இரவுகள் உள்ளிடல் வேண்டும். பயன் தோன்றச் சில வாரம் செல்லும். மற்றொன்று கூட்டத்தின்போது மட்டும் பூசும் வழவழப்பு ஜெல். நீர் கலந்தது விரைவில் உலரும். சிலிக்கோன் கலந்தது நெடிது நிற்கும். தேங்காயெண்ணெய் வீட்டிலேயே உளதே எனின், ரப்பர் ஆணுறையை அது கிழிக்கும் என்பதை மறவற்க. மணமூட்டிய சோப்பு அவ்விடத்தைத் தீண்டவே வேண்டா.

வாயிலிலேயே வலியுண்டாயின், லிடோகெய்ன் என்னும் மரப்பு மருந்தை மருத்துவர் தருவர். இடுப்புத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும் உதவும். லேசர் சிகிச்சையின் பயன் நிறுவப்படவில்லை என்று 2018-இல் அமெரிக்க மருந்து ஆணையம் எச்சரித்தது. குருதி கசியின் தாமதியாது காட்டுக. எதனாலும் தீராதவழிச் சிறிதளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு இடலாமோ என்பதைப் புற்றுநோய் மருத்துவரே துணிதல் வேண்டும்; கடையிற் கேட்டு வாங்குவதன்று.

அவர்பால் நீண்ட உரை வேண்டா. “அங்கே வறட்சியும் எரிச்சலும் இருக்கின்றன, டாக்டர்” என்னும் ஒரு வாக்கியமே போதும். ஏனைய வினாக்களை அவரே வினவுவர்.