ஒரு சிப்பாய் குறைந்தாலும் டிரா

ராணிகளும் குதிரைகளும் வெட்டுப்பட்டுப் போய்விட்டன. பலகையில் இரண்டு ராஜா, இரண்டு யானை, வெள்ளைக்கு மட்டும் ஒரு சிப்பாய். கிளப் ஆட்டங்களில் அடிக்கடி வந்து நிற்கும் நிலை இது. சிப்பாய் எட்டாவது வரிசையைத் தொட்டால் ராணியாகிவிடும் என்று பயந்து, கறுப்பு ஆடுபவர் கைகொடுத்து எழுந்துவிடுவதும் உண்டு. எனக்கு அதைப் பார்க்கவே ஆற்றாமையாக இருக்கும். கறுப்பு ராஜா அந்தச் சிப்பாயின் பாதையை மறித்து நின்றால், பெரும்பாலும் டிரா கையில் இருக்கிறது.

வழியைக் காட்டியவர் பிலிடோர். பிரான்சில் ஓபராக்களுக்கு இசையமைத்தவர், அந்தக் காலத்தின் தலைசிறந்த சதுரங்க ஆட்டக்காரர். தம் நூலின் 1777ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தத் தற்காப்பை விளக்கினார்.

கறுப்பின் பக்கமிருந்து வரிசைகளை எண்ணுவோம். சிப்பாய் நான்காவது வரிசையில், பக்கத்தில் வெள்ளை ராஜா. அந்த ராஜா மூன்றாவது வரிசைக்குள் நுழைந்துவிட்டால் செக்மேட் மிரட்டல் தொடங்கிவிடும். ஆகவே கறுப்பு தன் யானையை மூன்றாவது வரிசையில் நிறுத்தி, அதே வரிசையில் இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும். ராஜாவால் உள்ளே வரமுடியாது. முன்னேற வேண்டுமென்றால் வெள்ளை சிப்பாயைத்தான் தள்ளியாக வேண்டும்.

சிப்பாய் மூன்றாவது வரிசைக்கு வந்த அந்தக் கணமே கறுப்பு யானை பலகையின் மறுகோடிக்கு ஓடி, பின்னாலிருந்து செக் கொடுக்க ஆயத்தமாக வேண்டும். இந்த நேரக்கணக்கில்தான் பிலிடோரின் மேதைமை தெரிகிறது. யானை முன்னதாகவே போயிருந்தால், வெள்ளை ராஜா சிப்பாய்க்கு முன்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கும். இப்போது அந்தக் கட்டத்தில் சிப்பாயே உட்கார்ந்திருக்கிறது, ஒளிய இடமில்லை. எங்கே நகர்ந்தாலும் செக். யானையை விரட்டப் போனால் சிப்பாயை விட்டுப் பிரிய நேரும், வெற்றியும் நழுவும்.

பலர் செய்யும் தவறு, யானையை ராஜாவின் பக்கத்திலேயே முதல் வரிசையில் காவலுக்கு வைப்பது. சிப்பாய் பலகையின் ஓரத்திலோ அதற்கடுத்த நேர்வரிசையிலோ இருந்தால் அது பலிக்கும். நடுவில் இருந்தால் பெரும்பாலும் தோல்விதான்.

டிராவை நடுவரிடம் கேட்டுப் பெறவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே நிலை மூன்று முறை வந்தாலோ, எந்தக் காயும் வெட்டுப்படாமல் எந்தச் சிப்பாயும் நகராமல் இருவரும் 50 நகர்த்தல் ஆடிவிட்டாலோ உரிமை கோரலாம். உங்கள் அடுத்த நகர்த்தலால் அந்த நிலை வருமென்றால், காயைத் தொடாமல் நகர்த்தலை முதலில் தாளில் எழுதுங்கள். கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரை அழையுங்கள். கோரிக்கை சரியென்று அவர் உறுதிசெய்தால் ஆளுக்கு அரைப் புள்ளி.