காதல் கடக்கும் எல்லையும் சட்டம் காக்கும் எல்லையும்: 'அமீரா அண்ட் சாம்' பெற்ற விமர்சனங்கள்

போர்முனையிலிருந்து திரும்பும் வீரன், வேற்று மண்ணைச் சேர்ந்த பெண், சண்டையில் தொடங்கிக் காதலில் முடியும் சந்திப்பு. அமெரிக்கத் திரைக்குப் பழகிய இந்தக் கதையை 2014இல் 'அமீரா அண்ட் சாம்' என்ற நகைச்சுவைப் படமாக எடுத்தார் ஷான் முல்லின். அவரே அமெரிக்கத் தரைப்படையில் அதிகாரியாக இருந்தவர்.

கதை 2008ஆம் ஆண்டின் நியூயார்க்கில் நிகழ்கிறது. ஈராக்கிலிருந்து திரும்பிய சாம் (மார்ட்டின் ஸ்டார்), தன் படைப்பிரிவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த பாசாமைத் தேடிச் செல்கிறான். அங்கே பாசாமின் உடன்பிறந்தார் மகள் அமீராவைச் (தினா ஷிஹாபி) சந்திக்கிறான். திருட்டு டிவிடி விற்றுப் பிழைக்கும் அவளுக்கு அமெரிக்கச் சிப்பாய்கள்மீது நம்பிக்கை இல்லை. காவல்துறையிடம் அகப்பட்டு நாடுகடத்தப்படும் அபாயம் நேரும்போது, சாமின் வீடே அவளுக்குப் புகலிடமாகிறது.

விமர்சகர்கள் பலர் இருவரின் இயல்பான நடிப்பையும், முன்னாள் வீரனை மனநோயாளியாகச் சித்திரிக்காத நேர்மையையும் பாராட்டினர். சாமின் உறவினன் நடத்தும் முதலீட்டு நிறுவனத்தைப் பற்றிய கிளைக்கதை ஒட்டவைத்ததுபோல் நிற்கிறது என்பது பரவலான குறை. இவை கலை சார்ந்த மதிப்பீடுகள். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இக்காதலுக்குத் தடையாக நிற்பது எது? இரு மனங்களில் ஊறிய ஐயமா, அல்லது அரசின் சட்டமா?

அமெரிக்க அரசுக்குப் பணியாற்றிய ஈராக்கியருக்கு ஆண்டுக்கு 5,000 சிறப்பு விசா வழங்கும் சட்டம் 2008 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பணியாற்றியவரின் வாழ்க்கைத் துணையையும் மணமாகாத இளம் பிள்ளைகளையும் மட்டுமே அது குடும்பமாக ஏற்றது. உடன்பிறந்தாரின் மகளுக்கு அதில் இடமில்லை. யார் உறவு, யார் அந்நியர் என்பதை இங்கே வரையறுப்பது காதலர்கள் அல்லர், அரசு. இது புதிதும் அன்று. 1945இல் வீரர்களின் அயல்நாட்டு மனைவியருக்குக் குடியேற்றக் கதவு திறந்தபோதும், 1924ஆம் ஆண்டுச் சட்டத்தின் இனத்தடை காரணமாக ஜப்பானிய மனைவியருக்கு அக்கதவு முதலில் திறக்கவில்லை.

அம்பேத்கரின் 'சாதியை அழித்தொழித்தல்' (1936) இவ்விடத்தில் துணைக்கு வருகிறது. கலப்பு மணமே சாதியைக் கரைக்கும் மருந்து என்று கூறிய அவர், அத்துடன் நிற்கவில்லை. மக்கள் ஏன் அவ்வாறு மணந்துகொள்வதில்லை என்று கேட்டார். சாதிக்குப் புனிதம் வழங்கும் சாத்திரங்களின் அதிகாரத்தைத் தகர்க்காமல் அம்மருந்து வேலை செய்யாது என்பதே அவர் கண்ட விடை. ஈராக்கியப் பெண் எதிர்கொள்ளும் குடியேற்றச் சட்டமும் சாதியும் ஒன்றல்ல. ஆனால், தனிமனிதரின் நல்லெண்ணத்தை அமைப்பின் மாற்றமாக எண்ணிவிடும் பிழை இரண்டிடத்தும் ஒன்றே.

படத்தில் அமீராவின் பாதுகாப்பு ஒரு நல்ல சிப்பாயின் மனத்தைச் சார்ந்தே நிற்கிறது. அவன் நல்லவனாக இல்லாதிருந்தால்? அக்கேள்விக்குப் படத்தில் விடையில்லை. பாராட்டுரைகளும் அதனைப் பெரிதாகக் கேட்கவில்லை. உரிமை என்பது ஒருவருடைய கருணையால் கிடைப்பதன்று. எல்லை கடந்த காதலைக் கொண்டாடும் எந்தப் படத்தையும் பார்க்கும்போது, எல்லையை வரைந்த கையும் திரையில் தெரிகிறதா என்று நாம் தேட வேண்டும்.