மீட்டர் எதை அளக்கிறது?

மகன் நியூயார்க்கில், மன்ஹாட்டன் தீவில் உத்தியோகமாயிருப்பதால் மனைவியோடு முதல் முறையாக அந்நகரத்துக்குப் பிரயாணப்படவிருக்கும் கும்பகோணத்து வாசகர் ஒருவர், கென்னடி விமான நிலையத்தில் இறங்கியதும் வாசலில் வரிசையாக நிற்கும் மஞ்சள் டாக்சியில் ஏறுவதா, முன்கூட்டியே ‘கார் சர்வீஸ்’ ஒன்றுக்குச் சொல்லிவைப்பதா, அல்லது எல்லோரும் சிபாரிசு செய்கிறபடி கைப்பேசிச் செயலியில் ஊபரை வரவழைப்பதா என்று கேட்டு எழுதியிருக்கிறார். செயலிக்காரர்கள் விஞ்ஞான ரீதியாகக் கட்டணத்தைக் கணக்கிடுவதாகச் சொல்கிறார்களே, அது மெய்தானா என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். முதல் கேள்விக்குச் சில வரிகளில் விடை சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விதான் என்னை எழுத உட்கார்த்தியது. ஏனென்றால் விஞ்ஞானம் என்ற பெயருக்கு முழு உரிமை கொண்டாடத்தக்க ஒரு சாதனம் அவர் சொன்ன மூன்று வண்டிகளில் ஒன்றில் மெய்யாகவே இருக்கிறது. விளம்பரங்களில் முழங்கப்படும் செயலி அல்ல அது. மஞ்சள் டாக்சியின் முன்பக்கத்தில், ஏறுபவர் கட்டணத்தைப் பார்க்க மட்டுமே திரும்புகிற அந்தச் சிறிய மீட்டர்தான்.

வாடகை வண்டிக்காரர் நமக்கு விற்கும் சரக்கு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று தூரம்: அதில் பெட்ரோலும் டயரும் யந்திரமும் தேய்கின்றன. மற்றொன்று காலம்: அதில் அவருடைய ஆயுளே தேய்கிறது. தூரத்துக்கு மட்டும் கூலி என்றால், நெரிசலில் அரைமணி நேரம் அகப்பட்டுக்கொண்ட ஓட்டுநர் அந்த அரைமணிக்கும் காலணாக் காணமாட்டார். காலத்துக்கு மட்டும் கூலி என்றால், வண்டியை விரட்டுவதில் அவருக்கு எவ்விதப் பிரயோஜனமும் இராது. ஆகவே இரண்டையும் அளக்க வேண்டும் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இரண்டையும் அளந்து என்ன செய்வது என்பதில்தான் மீட்டரைச் செய்தவர்களின் புத்தி நுட்பம் வெளிப்படுகிறது. நியூயார்க்கில் 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த விகிதப்படி, ஏறியவுடன் 3 டாலர். அதன்பின் வண்டி ஓடும்போது ஒரு மைலில் ஐந்தில் ஒரு பங்குக்கு 70 சென்ட். ஊர்ந்தாலோ நின்றாலோ 60 விநாடிக்கு 70 சென்ட். தூரக் கூலியையும் காலக் கூலியையும் மீட்டர் கூட்டுவதில்லை. ஒவ்வொரு கணத்திலும் எது முந்துகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறது.

இதை ஒரு கம்ப்யூட்டர் செய்வதில் ஆச்சரியமில்லை. கம்ப்யூட்டர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே பித்தளைச் சக்கரங்கள் செய்தன என்பதே என் ஆனந்தத்துக்குக் காரணம். நம் ஊர் ஆட்டோக்களின் இடப்பக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பழைய மீட்டரையும், அதன் கொடியைச் சாய்த்ததும் உள்ளிருந்து எழுந்த டிக் டிக் ஓசையையும் வயதானவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட யந்திர மீட்டருக்குள், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வளையக்கூடிய கேபிள் ஒன்று வண்டியின் அடியிலிருந்து வந்து, பல பற்சக்கரங்களின் வழியே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, நடுவிலுள்ள ஓர் அச்சைத் திருப்ப முயலும். சுருள்வில்லில் ஓடும் கடிகாரம் ஒன்று மறுபக்கத்திலிருந்து அதே அச்சைத் திருப்ப முயலும். இரண்டையும் அச்சோடு இறுகப் பிணைத்தால் ஒன்று மற்றொன்றின் பல்லை உடைத்துவிடும். ஆகையால் ஒவ்வொன்றுக்கும் அச்சுக்கும் நடுவே, முன்னோக்கித் தள்ளும்போது பிடித்துக்கொண்டும், பின்தங்கும்போது வழுக்கிக்கொண்டும் போகிற பல்லும் நாக்குமான ஓர் அமைப்பை வைத்தார்கள். சைக்கிள் கடைக்காரர் ஃப்ரீவீல் என்று சொல்வது இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான்.

கிராமத்து வீட்டின் கூடத்தில் மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே திருகையில் கேழ்வரகு திரிப்பதை மனத்தில் கொண்டுவந்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: திருகைக் குச்சியை இருவரும் பற்றிக்கொள்ளக் கூடாது, உள்ளங்கையால் முன்னோக்கித் தள்ள மட்டுமே செய்யலாம். மாமியார்தான் கடிகாரம், அவருக்கு அவசரமும் கிடையாது, அலுப்பும் கிடையாது, காலையில் தொடங்கிய அதே சீரில் சுற்றிக்கொண்டேயிருப்பார். மருமகள்தான் சக்கரம்; உற்சாகம் வந்தால் வேகமாகத் தள்ளுவாள், தொட்டிலில் குழந்தை சிணுங்கினால் எழுந்து போய்விடுவாள். அவள் மும்முரமாயிருக்கும்போது குச்சி மாமியாரின் உள்ளங்கையை விட்டு முன்னே ஓடிவிடுகிறது. அவர் கை வெறும் காற்றைச் சுற்றுகிறது, அந்த உழைப்புக்கு மாவு கிடையாது. அவள் எழுந்து போனால் கல் நிற்பதில்லை. குச்சி மீண்டும் மாமியாரின் கையில் வந்து ஒட்டிக்கொள்கிறது. கல் ஒருபோதும் இருவர் வேகத்தையும் சேர்த்துச் சுற்றாது. யார் வேகம் அதிகமோ அவர் வேகத்தில் சுற்றும். குறிப்பிட்ட சுற்று முடிந்ததும் ஒரு பிடி மாவு முறத்தில் விழுகிறதென்றால், அந்த ஒரு பிடிக்கு நியூயார்க்கில் 70 சென்ட். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரருக்கு முறத்தில் விழுந்த மாவு தெரியுமேயன்றி, எந்தப் பிடி யார் கையால் விழுந்தது என்பது தெரியாது.

மாமியாரும் மருமகளும் சமவேகத்தில் சுற்றும் ஒரு நிலை உண்டல்லவா? 60 விநாடியில் ஐந்தில் ஒரு மைல் என்றால் மணிக்கு 12 மைல், நம் கணக்கில் ஏறத்தாழ 19 கிலோமீட்டர். அதற்கு மேற்பட்ட வேகத்தில் நாம் தூரத்துக்குப் பணம் தருகிறோம். அதற்குக் கீழே காலத்துக்குத் தருகிறோம். மன்ஹாட்டனின் நடுப்பகுதியில் பகல் வேளையில் வண்டிகளின் சராசரி வேகம் மணிக்கு 5 மைலை ஒட்டியே இருந்துவருகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அங்கே டாக்சியில் போகிறவர் பெரும்பாலும் வாங்குவது பிரயாணத்தை அல்ல, ஓட்டுநரின் நேரத்தைத்தான் என்பது விளங்கும்.

இதிலிருந்து பிறக்கும் ஒரு விசேஷத்தை அனேகர் கவனிப்பதில்லை. இரண்டு டாக்சிகள் ஒரே சமயத்தில் புறப்பட்டு, ஒரே 2 மைல் தூரத்தை, ஒரே 10 நிமிஷத்தில் கடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டி இடைவிடாமல் சரியாக மணிக்கு 12 மைல் வேகத்தில் போகிறது. ஏறியவுடன் விழும் 3 டாலரை ஒதுக்கிவிட்டால், அதன் மீட்டர் பத்துத் தடவை ஏறி 7 டாலர் சேர்க்கும். இரண்டாவது வண்டி பச்சை விளக்கில் 24 மைல் வேகத்தில் பாய்வதும் சிவப்பு விளக்கில் நிற்பதுமாக, பாதி நேரம் ஓடி, பாதி நேரம் நிற்கிறது. ஓடிய 5 நிமிஷத்திலேயே 2 மைலும் முடிந்து பத்துத் தடவை ஏறிவிடுகிறது. நின்ற 5 நிமிஷத்துக்கு இன்னும் ஐந்து தடவை ஏறுகிறது. ஆக 10 டாலர் 50 சென்ட். தூரமும் ஒன்று, நேரமும் ஒன்று, ஆனால் கட்டணம் மட்டும் ஒன்றரை மடங்கு! இதில் எவருடைய மோசடியும் இல்லை. பெரியதை மட்டும் பொறுக்கியெடுக்கும் எந்தக் கணக்கும் ஏற்ற இறக்கத்தைக் கண்டால் கூடுதலாகவே விடை தரும். கணித மாணவர்கள் இதை வேறு வேஷத்தில் சந்தித்திருப்பார்கள். நின்று நின்று பாய்கிற வண்டி அதிகப் பெட்ரோல் குடிப்பதையும், அதை ஓட்டுகிறவரின் கால் படும் பாட்டையும் எண்ணும்போது, இந்த அதிகப்படி எனக்கு நியாயமாகவே படுகிறது.

சக்கரத்தை நம்பும் சாதனமாகையால் டயரின் தேய்மானமும் கணக்கில் நுழைகிறது. 32 சென்டிமீட்டர் ஆரமுள்ள டயரில் 6 மில்லிமீட்டர் தேய்ந்தால் ஒவ்வொரு மைலுக்கும் சக்கரம் சுமார் 2 சதவிகிதம் அதிகமாகச் சுற்றும். மீட்டரும் அந்த அளவுக்கு அதிகமாக நம்பும். மீட்டரைச் சோதித்து முத்திரையிடுவது இப்படிப்பட்ட சூட்சுமங்களுக்காகத்தான்.

சரித்திரத்தை ஒரே பத்தியில் முடித்துக்கொள்வோம். சக்கரம் 400 தடவை சுழன்றதும் வெண்கலப் பாத்திரத்தில் ஒரு கூழாங்கல் விழுந்து ஒரு ரோமானிய மைல் ஆயிற்று என்று அறிவிக்கும் வண்டியை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே வர்ணித்திருக்கிறார். ஜெர்மானியரான புரூன் 1891-இல் டாக்சி மீட்டரை உருவாக்கினார். 1897-இல் ஸ்டட்கார்ட் நகரில் மீட்டர் பொருத்திய மோட்டார் டாக்சி ஓடியது. 1907-இல் ஹாரி ஆலன் என்பவர் பிரான்ஸிலிருந்து 65 மோட்டார் வண்டிகளை வரவழைத்து நியூயார்க்கில் மீட்டரோடு ஓடவிட்டார். இவ்வளவு போதும்.

இனிச் செயலியின் விஞ்ஞானத்துக்கு வருவோம். செயலி வண்டிகளின் ஆதாரக் கணக்கு எளிய கூட்டல்: அடிப்படைத் தொகை, மைலுக்கு இவ்வளவு, நிமிஷத்துக்கு இவ்வளவு. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆளுக்கொரு திருகை கொடுத்து, இரண்டு முறத்து மாவையும் ஒன்றாகக் கொட்டுவது போல. இந்தக் கணக்கில் மேலே சொன்ன இரண்டு வண்டிகளுக்கும் ஒரே கட்டணம்தான் வரும். ஆனால் இப்போதெல்லாம் யாரும் அரைக்க உட்காருவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம், இன்று இவ்வளவு மாவு, இவ்வளவு கூலி என்று ஒரே தொகையாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தொகை, அந்த வழியில் அந்த வேளையில் முன்பு ஓடிய வண்டிகளின் அனுபவத்தை வைத்துக் கட்டிய அனுமானமும், அந்த நிமிஷத்தில் கேட்பவர் எத்தனை பேர், வண்டி எத்தனை என்ற சந்தை நிலவரமும் சேர்ந்த கலவை. மழை பெய்தால் விலை ஏறுவது விஞ்ஞானமா? ஐப்பசி முகூர்த்த நாளில் மல்லிகைப்பூ விலை ஏறுவதை எந்தப் பூக்காரியும் விஞ்ஞானம் என்று சொல்லிக்கொண்டதில்லை. செயற்கை நுண்ணறிவு என்று பெயர் சூட்டிவிட்டால் சந்தை நியாயஸ்தலம் ஆகிவிடாது.

ஆயினும் முன்கூட்டிச் சொல்லும் விலைக்கு மெய்யான ஒரு நன்மை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மீட்டர் வண்டியில் நெரிசலின் நஷ்டம் பிரயாணியின் தலையில் விழுகிறது. விலை பேசி ஏறிய வண்டியில் அது மற்றவர் தலைக்கு மாறுகிறது. நிச்சயத்தை விற்கிறவர் அதற்கும் ஒரு விலை சேர்த்துத்தான் விற்பார். அந்த நஷ்டம் கம்பெனியின் தலையில் விழாமல் ஓட்டுநரின் தலையில் விழுவதைத் தடுக்கும்படியாக, நியூயார்க் டாக்சி ஆணையம் 2019 முதல் பெரிய செயலி நிறுவனங்களின் ஓட்டுநர்களுக்கு மைலையும் நிமிஷத்தையும் கூட்டிக் கணக்கிடும் குறைந்தபட்சக் கூலியை விதித்தது. மிகவும் அவசியமான விதி அது.

செயலிகள் வந்ததும் டாக்சியின் ஆயுள் முடிந்தது என்று எழுதியவர்கள் அனேகர். 1937-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டு, இன்று 13,587 ஆக உள்ள மஞ்சள் டாக்சி உரிமங்களில் ஒன்றின் விலை, 2014-ஐ ஒட்டிப் பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் பிறகு பாதாளத்தில் விழுந்தது உண்மை. கடன்பட்டு அவற்றை வாங்கிய ஓட்டுநர்கள், அவர்களில் நம் உபகண்டத்திலிருந்து போனவர்கள் எத்தனையோ பேர், 2021-இல் நகரமன்றத்தின் எதிரே உண்ணாவிரதமிருந்து கடன் நிவாரணம் பெற வேண்டியதாயிற்று. ஆனால் வண்டி சாகவில்லை. 2022-இல் ஊபர் நிறுவனமே அந்த மஞ்சள் டாக்சிகளைத் தன் செயலியில் சேர்த்துக்கொள்ள ஒப்பந்தம் செய்துகொண்டது.

கும்பகோணத்து வாசகருக்கு என் அபிப்பிராயம் இது. கென்னடி நிலையத்திலிருந்து மன்ஹாட்டனுக்கு மஞ்சள் டாக்சியில் மீட்டர் பொருட்டல்ல. 70 டாலர் என்று நிர்ணயித்த கட்டணம், சுங்கமும் சில்லறை வரிகளும் வேறு, வார நாட்களில் மாலை 4 முதல் 8 வரை 5 டாலர் அதிகம். 16 மைல் தூரத்துக்கு மீட்டர் போட்டால் எங்கும் நிற்காமல் போனாலே 59 டாலர் ஆகும்; மொத்தத்தில் 16 நிமிஷம் சிக்னலிலும் நெரிசலிலும் நின்றால் 70-ஐத் தாண்டிவிடும். அந்தச் சாலையில் 16 நிமிஷம் நிற்பது ஒன்றும் அபூர்வமல்ல. ஆகவே தயங்காமல் மஞ்சள் டாக்சியில் ஏறுங்கள். நகரத்தின் இன்னொரு விமான நிலையமான லகார்டியாவில் இறங்குவோருக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே மீட்டர்தான், எனவே செயலி சொல்லும் விலையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நகரத்தின் ஃப்ளஷிங் பேட்டையிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போவதானால் மன்ஹாட்டன் தெருவில் கூரை விளக்கு எரியும் மஞ்சள் டாக்சியைக் கைகாட்டி நிறுத்தலாம். நகர எல்லைக்குள் எங்கே கேட்டாலும் வரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமையில்லை. திரும்பும்போது அந்தப் பேட்டைத் தெருக்களில் மஞ்சள் டாக்சியைக் காண்பது அரிது. மஞ்சள் டாக்சி எட்டிப் பார்க்காத இப்படிப்பட்ட பேட்டைகளில்தான் கார் சர்வீஸ்கள் வேரூன்றி வளர்ந்தன. போன் செய்து விலையைக் கேட்டுக்கொண்டோ, செயலியிலோ வண்டி அழைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்புகிற நாளில் விடியற்காலை விமானமென்றால், முந்தின இரவே சொல்லிவைத்த கார் சர்வீஸ் உத்தமம். நாலு பெட்டிகளோடு தெருமுனையில் நின்று கைகாட்டுகிற வயது நமக்கு இல்லை. பகலில் மன்ஹாட்டனுக்குள் பத்துத் தெரு தள்ளிப் போவதற்கு எந்த வண்டியும் வேண்டாம், நடந்துவிடுங்கள். எந்த வண்டியானாலும் ஓட்டுநருக்கு 15 முதல் 20 சதவிகிதம் இனாம் கொடுப்பது அங்கே வழக்கம். விமான நிலையத்துக்குள்ளேயே அருகில் வந்து ‘டாக்சி வேண்டுமா’ என்று கிசுகிசுப்பவரின் பின்னால் மட்டும் போகாதீர்கள்; சட்டப்படியான டாக்சி வெளியே வரிசையில்தான் நிற்கும்.